பூங்காவுக்குள் ஒரு டப்பா எலுமிச்சைச் சாதம்

போன வாரம் கவிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள். நான் வேலை பார்த்த பொழுதுபோக்குப் பூங்காவில் ‘இயற்கை உணவு’ என்று தனியாக ஒரு கவுண்டர் திறக்கப் போகிறார்களாம். உரமும் பூச்சிமருந்தும் படாத அரிசி, காய்கறி. பச்சைப் பெயிண்டில் பலகைகூடத் தயாராகிவிட்டதாம்.

“மேடம், உங்க அனுபவத்துல இதுக்கு என்னென்ன பாக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றாள்.

எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். உட்கார்ந்து பார்த்தால் அவள் கேட்டதற்குப் பதில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரி எப்படிக் கிடைத்தது என்பதுதான் நீளம்.

நான் மனையியல் படித்தவள். அடையாற்றில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் சில வருடங்கள், உப்பு ஆகாதவர்களுக்கு உப்பில்லாமலும் சர்க்கரை ஆகாதவர்களுக்குச் சர்க்கரை இல்லாமலும் சமைக்க வைத்தேன். அங்கே யாரும் சாப்பாட்டைப் பாராட்டியதில்லை. பாராட்டும் நிலையில் யாரும் அங்கே வந்து சேருவதுமில்லை. பிறகு தரமணிக்கு அப்பால் வேலிக்காத்தான் மண்டிக் கிடந்த நிலத்தில் ஒரு தீம் பார்க் வந்தது. உணவுப் பிரிவு மேற்பார்வைக்கு ஆள் தேவை என்றார்கள். மயிலாப்பூரிலிருந்து ஒரே பஸ். சேர்ந்துவிட்டேன்.

அங்கே என் முதல் வேலை சாப்பாடு போடுவது அல்ல, பறிப்பது. வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்பது பூங்காவின் விதி. வாசலில் பைகளைத் திறந்து பார்த்து, டப்பாவோ கேரியரோ இருந்தால் வாங்கி அலமாரியில் வைத்து டோக்கன் கொடுக்க வேண்டும். திரும்பிப் போகும்போது டோக்கனைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையின் பாலுக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு. அந்த அலமாரி இருந்த அறைக்கு அலுவலகத்தில் வேறு பெயர். ஊழியர்கள் அதைப் புளியோதரை ரூம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் கதவைத் திறந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

மக்கள் சாமர்த்தியமாக மறைத்தார்கள். ஃபிளாஸ்கில் காபிக்குப் பதில் இட்லி வந்தது. மடித்த ஸ்வெட்டருக்குள் சப்பாத்தி வந்தது. சென்னையில், சித்திரையில், ஸ்வெட்டர். வாசல் காவலர் கஜா எதையும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். “யம்மா, குழந்தைக்குக் குளுரும்னா சொல்றே? ஸ்வெட்டரு சூடா கீதே” என்பார்.

எங்கள் மேலாளர் வேதநாயகம் சார். திருநெல்வேலிக்காரர். கப்பல்களில் உணவு நிர்வாகம் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றி, ஒரு வெள்ளிக் கரண்டி வைத்திருப்பார். மதிய உணவு கவுண்டருக்குப் போகும் முன் சமையலறைக்கு வருவார். தலைமைச் சமையற்காரர் மாணிக்கம் ஒரு தட்டை நீட்டுவார். சார் நின்றபடியே கைக்குட்டையைப் பிரித்து, கரண்டியை எடுத்து, ஒரு வாய் சாப்பிடுவார். ஜன்னலைப் பார்ப்பார். பிறகு ஒரு சொல்தான். ஒன்று “போலாம்”, இல்லாவிட்டால் “வேணாம்”. வேணாம் என்றால் அந்த அண்டா முழுவதும் கவுண்டருக்குப் போகாது. ஏன் என்று சொல்ல மாட்டார். கரண்டியை அவரே கழுவித் துடைத்துச் சுற்றி வைத்துக்கொள்வார். நான் இருந்த காலத்தில் அவர் வேணாம் சொன்னது மிக அபூர்வம். எங்கள் சமையலறை அவ்வளவு ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி மீரா. என் மகள்.

அவளுக்கு ஏழு வயதில் தி.நகரில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனோம். சிவப்புப் பூ வைத்த கேக். வீடு திரும்பும் முன்பே அவள் உதடு தடித்தது, பிறகு கண். ஆட்டோவில் அடையாறு போவதற்குள் மூச்சு விசில் அடித்தது. டாக்டர் ஊசி போட்டார். சாயமாக இருக்கலாம், கெடாமல் இருக்கப் போடும் மருந்தாக இருக்கலாம், கவனித்துப் பாருங்கள் என்றார். கவனித்தோம். அடுத்து ஒரு கல்யாணத்தில் வெறும் தயிர்சாதம் மட்டும் கொடுத்தோம். அதற்கும் தடித்தது. அது அரிசியா, தயிரா, இலையைத் துடைத்த துணியா என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால் எல்லாவற்றையும் நிறுத்தினோம்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் கீழே ஒருவர் மருந்தடிக்காத காய்கறி விற்றார். மதுராந்தகம் பக்கத்திலிருந்து அவருடைய மைத்துனர் உரம் போடாத அரிசியும் மஞ்சளும் கொண்டுவருவார். காயெல்லாம் சின்னதாக, கோணலாக, பூச்சி கடித்ததாக இருக்கும். என் கணவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கணக்குப் பார்த்தார். “பூச்சி சாப்பிட்டுப் பார்த்து ஓகே பண்ணினது” என்பார். அவருக்கு அது நகைச்சுவை. நான் பூச்சிக் கடி இல்லாத கத்தரிக்காயை நம்புவதையே விட்டிருந்தேன். அதன் பிறகு மீராவுக்கு ஒருமுறைகூடத் தடிக்கவில்லை.

இதைப் பூங்காவில் யாரிடமும் சொல்லவில்லை. ஊரே வந்து சாப்பிடும் இடத்தின் உணவு மேற்பார்வையாளருடைய மகள் அந்த உணவைத் தொடக் கூடாது என்பதை எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மீராவின் பள்ளி எங்கள் பூங்காவுக்கே சுற்றுலா வந்தது. டிக்கெட்டோடு மதிய உணவுப் பொட்டலமும் சேர்த்தி. அன்றைக்குப் பொட்டலத்தில் எலுமிச்சைச் சாதம் என்று முன்பே முடிவாகியிருந்தது. நான் வீட்டில் எங்கள் அரிசியில் எலுமிச்சைச் சாதம் கிளறி டப்பாவில் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் மஞ்சள் சாதம் சாப்பிடும்போது அவளும் மஞ்சள் சாதம் சாப்பிட வேண்டும், யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பூங்காவின் காகிதப் பொட்டலம் ஒன்றில் அதை மாற்றி நானே அவள் கையில் கொடுப்பதாக அவளோடு ஏற்பாடு.

“இன்னைக்கு மஞ்ச சாதம் வரும். அது உனக்குன்னு நான் செஞ்சது. பயப்படாம சாப்பிடு” என்று அவளிடம் காலையில் சொன்னேன். எவ்வளவு ஆபத்தான வாக்கியம் என்று அப்போது உறைக்கவில்லை.

டப்பாவைச் சமையலறையில் ஊழியர் அலமாரியில் வைத்தேன். “என்ன மேடம் இன்னைக்கு?” என்று மாணிக்கம் கேட்டார். “எலுமிச்சைச் சாதம்தான்” என்றேன். “நம்ம மெனுவேதானா” என்று சிரித்தார்.

அப்போது வாசலில் தகராறு என்று ஆள் வந்தது. போனேன். ராமநாதன் என்று ஒரு பெரியவர், மயிலாப்பூர், மனைவியோடும் பேரப் பிள்ளைகளோடும் நின்றார். கையில் அடுக்குக் கேரியர். கஜா அதன் பிடியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தார், அவர் மறுபக்கத்தை.

“இது உரம் காணாத அரிசி. பூச்சிமருந்து படாத கீரை. ஆத்துலேர்ந்து கொண்டு வந்திருக்கேன். இதைக் கண்ட டப்பாவோட ஒரே அலமாரில வெச்சா ஒட்டிண்டுடும்” என்றார் என்னிடம்.

“இன்னா சாமி ஒட்டிக்கும்? மூடி போட்டுத்தானே கீது” என்றார் கஜா.

“சார், விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். தனித் தட்டுல வெக்கச் சொல்றேன்” என்றேன்.

“நீங்க உள்ள போடற சாப்பாட்டை நீங்க சாப்பிடுவேளா?” என்று கேட்டார்.

“கண்டிப்பா சார்” என்றேன். நான் சாப்பிட்டதுண்டு. அவர் என்னைப் பற்றி மட்டும்தான் கேட்டார். டோக்கனை வாங்கிக்கொண்டு, மேல்தட்டில் தனியாக வைக்கிறார்களா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

பொட்டலம் கட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் சமையலறைக்குத் திரும்பினேன். அலமாரியில் என் டப்பா இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“இதுல இருந்தது எங்க?”

“கழுவி வெச்சிட்டேன் மேடம்” என்றார் மாணிக்கம், உதவி செய்தவரின் முகத்தோடு.

“சாதம் எங்க, மாணிக்கம்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “சார் டேஸ்ட் பாக்க திடீர்னு வந்துட்டாரு. நம்ம சாதம் இன்னைக்குக் கொஞ்சம் கலர் தூக்கலாப் போச்சு, பவுடரு கை தவறி விழுந்துருச்சு. உங்க டப்பா இருந்துச்சு. அதை எடுத்துத் தட்டுல வெச்சேன். சார் ஒரு வாய் சாப்பிட்டாரு. அப்புறம் இன்னொரு வாய் சாப்பிட்டாரு. அப்புறம் உக்காந்து எல்லாத்தையும் சாப்பிட்டாரு மேடம். இதுவரைக்கும் உக்காந்ததே இல்ல. போலாம்னு சொல்லிட்டுப் போனாரு.” பிறகு, “நீங்க கவலப்படாதீங்க, உங்களுக்கு நம்ம சாதம் எடுத்து வெச்சிருக்கேன்” என்றார்.

அண்டாவைப் பார்த்தேன். அந்த மஞ்சள் எந்த மஞ்சள் கிழங்கிலும் கிடையாது. ஆட்டோவின் மேற்கூரைக்கு அடிக்கும் மஞ்சள்.

மீராவின் வகுப்பு படகுச் சவாரி வரிசையில் இருந்தது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. வீட்டுக்குப் போய் வரும் அளவுக்கு இல்லை. பூங்காவுக்குள்தான் தேட வேண்டும் என்று கிளம்பினேன்.

அந்தப் பூங்காவில் விற்கும் ஒவ்வொரு பொருளையும் வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான். அதுதான் சிக்கல். வாழைப்பழம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது, வண்டி வந்தபோதே வாடை தெரிந்தது. மக்காச்சோளத்தின் மேல் தடவும் தூள் என் விரலில் இரண்டு நாள் ஒட்டியிருந்திருக்கிறது. ஐஸ்கிரீம் பக்கம் நான் திரும்பவே இல்லை. இளநீர் மிச்சம் இருந்தது. ஆனால் தென்னைக்கு வேரில் பூச்சிமருந்துப் பை கட்டுவதைப் பற்றி இளநீர்க்காரரே என்னிடம் பெருமையாக விளக்கியிருந்தார். வெறும் சோறு? அந்தக் கல்யாணத் தயிர்சாதம் நினைவுக்கு வந்தது. எதுவும் தெரியாத ஒரு தாய் அங்கே ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்திருப்பாள்.

அப்போதுதான் அந்தக் கேரியர் ஞாபகம் வந்தது.

புளியோதரை ரூமுக்குப் போய் அதன் முன்னால் நின்றேன். கஜா என்னையே பார்த்தார். டோக்கன் இல்லாமல் யாரும், மேற்பார்வையாளர் உட்பட, எதையும் எடுக்கக் கூடாது என்பது நான் போட்ட விதி.

“அந்தச் சாமி ராட்டினத்துல கீறாரு மேடம். இப்பத்தான் ஏறினாரு” என்றார் கஜா.

ராட்சத ராட்டினத்தின் அடியில் போய் நின்றேன். அவர் உச்சியில் இருந்தார். அந்த உயரத்திலும் சட்டைப் பையைக் கையால் மூடியிருந்தார், டோக்கன் விழுந்துவிடாதிருக்க. ராட்டினம் சுற்றியது. அவர் கீழே வந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே போனார். ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் நான் ஏதோ சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர் காதில் கை வைத்தபடி மேலே போய்விட்டார்.

ஒருவழியாக இறங்கினார். அவருடைய கேரியர் உள்ளே வேண்டும் என்று சொன்னேன்.

“காலம்பற வெளில வைன்னேள். இப்போ உள்ள கொண்டு வரச் சொல்றேளா?”

“ஆமாம் சார்.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னேளே.”

“சார், என் பொண்ணு. மாத்திச் சாப்பிட்டா மூச்சு நின்னுடும். உங்க சோறு மட்டும்தான் சார் இங்க அவ சாப்பிட முடியும்.”

அவர் பையிலிருந்து டோக்கனை எடுத்து என் கையில் வைத்து மூடினார். “குழந்தைக்குன்னு மொதல்லயே சொல்லப்படாதா. நின்னுண்டு என்ன பேச்சு, போங்கோ” என்றார் அவர் மனைவி.

அந்த நொடியில் ஒலிபெருக்கி அறிவித்தது. மழை வரும்போல் இருப்பதால் பள்ளிக் குழந்தைகளுக்கு உணவு இப்போதே வழங்கப்படுகிறது.

உணவுக் கொட்டகை பூங்காவின் மறுகோடியில் இருந்தது. கஜாவிடம் கேரியரை வாங்கி அங்கே அனுப்பச் சொல்லி டோக்கனை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நான் ஓடினேன். புடவையோடு, பெயர் அட்டையோடு, பார்வையாளர்களுக்கு நடுவே. ஊழியர்கள் ஓடக் கூடாது என்பதும் ஒரு விதி. பார்வையாளர்கள் தீ என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் நினைத்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். மஞ்சள் சாதம் வரும், பயப்படாம சாப்பிடு என்று நான் சொன்னது மட்டும் காதில் இருந்தது.

கொட்டகையில் சத்தம் இல்லை. அதுதான் என் காலைப் பிடித்து நிறுத்தியது. மீராவின் வகுப்பு வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. எல்லார் மடியிலும் பொட்டலம். ஒன்றிலும் யாரும் கை வைக்கவில்லை, எல்லாரும் மீராவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை இடுப்பில் கை வைத்து நின்றார். வேதநாயகம் சார் வாசல் தூணருகில் நின்றார். அவரை நான் அப்போது கவனிக்கவில்லை.

“ஏய், இது உங்கம்மா செஞ்சதுதானே, நீயே சாப்பிட மாட்டேங்கிற” என்றான் ஒரு பையன்.

“எங்கம்மா கையில தர்றேன்னாங்க. மிஸ் தந்தாங்க. அப்ப இது அது இல்ல” என்றாள் மீரா. பொட்டலத்தின் ஓரத்தை மட்டும் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். “அதுவும் இவ்ளோ மஞ்சளா இருக்கு. எங்கம்மா இங்க செய்றதை எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டோம்.”

அவள் குரலில் புகார் இல்லை. வீட்டு விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.  அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். தடிக்கவில்லை. இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

வேதநாயகம் சார் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏன் பாப்பா சாப்பிடக் கூடாது?”

“கலர் போட்டிருக்கு அங்கிள். எனக்கு உதடு வீங்கிடும், மூச்சு வராது.”

“உனக்கு வீங்கும். மத்தப் பிள்ளைகளுக்கு?”

“வீங்கலன்னா அதுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல” என்றாள். அது என் வாக்கியம். நான் அதை என் வீட்டுச் சமையலறையில் சொல்வது வழக்கம்.

சார் கைக்குட்டையைப் பிரித்தார். அவள் மடியிலிருந்த பொட்டலத்தைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டார். வகுப்பு முழுவதும் அவர் தாடையைப் பார்த்தது. அவர் வெளியே மழை மேகத்தைப் பார்த்தார்.

“வேணாம்” என்றார். பிறகு என்னிடம், “காலையில நான் சாப்பிட்டது இது இல்லையே?”

“அது இவளோடது சார்” என்றேன்.

கஜா கேரியரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தார், எதிலும் ஒட்டிக்கொள்ளாமல். பின்னாலேயே ராமநாதனும் மனைவியும். மற்றக் குழந்தைகளுக்கு வெறும் சோறும் மோரும் உப்பும் போடச் சொல்லிவிட்டு சார் சமையலறைக்கு நடந்தார். நானும் போக வேண்டியிருந்தது.

மாணிக்கம் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதாக அவருக்கு அது தோன்றியதே இல்லை.

“தினமும் சாருக்குன்னு சின்ன அடுக்குல தனியா நல்லெண்ணெய் விட்டுத் தாளிச்சு எடுத்து வெச்சிருவோம் சார். ஒரு மரியாதைக்குத்தான். இன்னைக்கு அவசரத்துல விட்டுப் போச்சு. மேடம் டப்பா இருந்துச்சு.”

“தினமும்னா, எப்போலேருந்து?”

“நீங்க வந்த நாள்லேருந்து சார்.”

எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். சார் கரண்டியைக் கழுவினார். துடைத்தார். கைக்குட்டையில் சுற்றினார். வழக்கமாக எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துச் சுற்றினார்.

“அப்போ நான் இந்தப் பார்க்ல இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்ல” என்றார்.

நான் கொட்டகைக்குத் திரும்பியபோது மீரா கீரைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராமநாதன் அவள் எதிரில் உட்கார்ந்து கேரியரின் அடுத்த அடுக்கைத் திறந்தார். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. பக்கத்துல அந்த மஞ்சளை வெச்சுக்காதே, அவ்ளோதான்” என்றார். அவருடைய பேரன்கள் மோர்ச் சோற்று வரிசையில் நின்றார்கள். அவள் கை கழுவுவதற்கு நான் தண்ணீர் ஊற்றப் போனேன். சொம்பை என் கையிலிருந்து கஜா வாங்கி ஊற்றினார்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். “பாப்பா எப்படி இருக்கு?” என்றார். நல்லாயிருக்கா சார் என்றேன். “சரிம்மா” என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு அவர் சமையலறையில் தட்டு வாங்கவில்லை. மதியம் கவுண்டருக்கு முன்னால், கூட்டத்தோடு, டோக்கன் பிடித்து வரிசையில் நிற்பார். முதல் வாரத்தில் பலமுறை வேணாம் என்றார். வண்ணப் பொடி டப்பாக்கள் போயின. எங்கள் எலுமிச்சைச் சாதம் வெளிறிவிட்டது. நோயாளிச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று பார்வையாளர்கள் புகார் செய்தார்கள். அந்தத் தொழிலை நான் முன்பே செய்தவள். அரிசியும் காயும் மட்டும் பழையபடியே வந்தன, மாடிப்படிக்குக் கீழே விற்பவரால் ஒரு பூங்காவுக்குப் போட முடியாது. அதனால் மீராவை மறுபடி அங்கே அழைத்துப் போகவில்லை.

கவிதாவுக்கு நான் எழுத வேண்டிய வரி இதுதான்: உனக்கென்று எடுத்து வைத்ததைச் சாப்பிட்டுப் பார்க்காதே, வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடு. பலகை என்ன நிறமாகவும் இருக்கட்டும்.

மீரா வளர்ந்துவிட்டாள். டாக்டர் இப்போது பாதிப் பொருட்களைத் தைரியமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். ஆனாலும் வீட்டில் தட்டு வைத்தவுடன் அவள் கை போவதில்லை. அவள் அதை எப்போது ஆரம்பித்தாள் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும். நான் என் தட்டிலிருந்து எடுத்தால் அவளுக்குப் போதாது. அவள் தட்டை என் பக்கம் நகர்த்துவாள். அதிலிருந்து ஒரு வாய் எடுத்து நான் சாப்பிடுவேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“போலாம்” என்பேன். பிறகு சாப்பிடுவாள்.